பெய்டன் மானிங்கும் மூன்று செப்டம்பர் சனிக்கிழமைகளும்

நாக்பூரில் நான் ஆபீஸ் போகும் வழியில், சிவில் லைன்ஸ் பகுதியில், பழைய வி.சி.ஏ. மைதானம் இருக்கிறது. 1987 அக்டோபர் 31 அன்று இங்கேதான் சேத்தன் சர்மா அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று நியூசிலாந்துக்காரர்களை போல்டாக்கினார். உலகக்கோப்பையில் விழுந்த முதல் ஹாட்ரிக் அது. கவாஸ்கர் தன்னுடைய ஒரே ஒருநாள் சதத்தை அடித்ததும் அதே ஆட்டத்தில்தான்.

ஆனால் சேத்தன் சர்மா என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "ஷார்ஜா, கடைசி பந்து, மியாண்டட் சிக்ஸர்" என்றுதான் பதில் வரும். அது 1986 ஏப்ரல். ஹாட்ரிக் அதற்குப் பிறகு வந்தது. பின்னால் வந்த வரவு முன்னால் எழுதிய பற்றை அடிக்கவில்லை. காரணம் எளிது. எதிரில் நின்றது பாகிஸ்தான். வேறு எந்த அணி அடித்திருந்தாலும் அந்த சிக்ஸரை எப்போதோ மறந்திருப்போம்.

இந்த விஷயத்தை நான் யோசிக்க ஆரம்பித்தது கிரிக்கெட்டால் அல்ல, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலால். அக்கா பையன் 2004-ல் எம்.எஸ். படிக்க டென்னசி மாநிலத்தில் நாக்ஸ்வில் என்ற ஊருக்குப் போனான். போன அடுத்த மாதமே போனில், "மாமா, சனிக்கிழமையானா இங்க ஊரே ஆரஞ்சு கலர் சட்டை போட்டுக்குது. காலேஜ் பசங்க ஆடறதுக்கு ஒரு லட்சம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கறாங்க" என்றான். நான் நம்பவில்லை. அப்புறம் இணையத்தில் தேடிப் பார்த்தால் நிஜம். அங்குள்ள நேலண்ட் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கைகள். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம் (தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம்). இது நம்மூர் கால்பந்து இல்லை. நீள்வட்டப் பந்து, தலையில் ஹெல்மெட், 100 கெஜ மைதானம். நான்கு முயற்சிகளில் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி. எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளிகள். கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3 புள்ளிகள். அனேகமாக ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேர்வது க்வார்ட்டர்பேக் என்பவர் கைக்கு. எறிவதா, ஓடுவதா, இன்னொருவரிடம் கொடுப்பதா என்பதெல்லாம் அவர் இரண்டு மூன்று வினாடிகளில் எடுக்கும் முடிவு. ஜெயித்தால் மாலை அவருக்கு, தோற்றால் திட்டும் அவருக்கே.

நாக்ஸ்வில் போனதும் மருமகப்பிள்ளை செய்த முதல் வேலை முடி வெட்டிக்கொண்டதுதான். சலூன்காரத் தாத்தாவிடம் பெய்டன் மானிங் பற்றிக் கேட்டிருக்கிறான். அவர் பத்து நிமிடம் புகழ்ந்துவிட்டு, கடைசியில் "ஃப்ளோரிடாவை மட்டும்..." என்று சொல்லி, கத்தரிக்கோலை ஆட்டிவிட்டு நிறுத்திக்கொண்டாராம். அந்த பாதி வாக்கியத்துக்கு அர்த்தம் தேடப் போய்த்தான் இவ்வளவும் படித்தேன்.

மானிங்கின் அப்பா ஆர்ச்சி மானிங், மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் பழைய நட்சத்திர க்வார்ட்டர்பேக். மகனும் அங்கேதான் சேர்வார் என்று ஊரே எதிர்பார்த்தது. அவர் 1994-ல் டென்னசியில் போய்ச் சேர்ந்தார். முதல் வருடம் அவருக்கு முன்னால் வரிசையில் இருந்தவர்கள் அடுத்தடுத்து காயம்பட்டதில் பாதி சீசனில் வாய்ப்பு வந்தது. (அப்படிக் காயம்பட்ட ஒருவர் டாட் ஹெல்டன். அவர் பிறகு பேஸ்பால் பக்கம் போய் அங்கே ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பிடித்தார்.) அதிலிருந்து 1997 முடியும் வரை மானிங் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய ஆட்டங்கள் 45. வெற்றி 39, தோல்வி 6. எறிந்த தூரம் 11,201 கெஜம். டச்டவுன் பாஸ்கள் 89.

வங்கிக்காரன் புத்தி, மொத்தத்தோடு விடாது. அந்த ஆறு தோல்விகளையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தேன். அலபாமாவிடம் ஒன்று (1994), மெம்ஃபிஸிடம் ஒன்று (1996), நெப்ராஸ்காவிடம் ஒன்று (1997 சீசனின் கடைசி ஆட்டம்). மீதி மூன்றும் ஃப்ளோரிடா. 1995, 1996, 1997 என்று வருடத்துக்கு ஒன்று, மூன்றும் செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை. 39 வெற்றி பெற்றவரை ஊர் இந்த மூன்றை வைத்தும் அளக்கிறது.

இத்தனைக்கும் ஃப்ளோரிடா ஒன்றும் பரம்பரைப் பகையாளி இல்லை. டென்னசிக்குப் பழைய எதிரி அலபாமாதான். ஃப்ளோரிடாவோடு 1990-க்கு முன்னால் எப்போதாவதுதான் மோதிக்கொண்டார்கள். 1992-ல் இவர்கள் இருக்கும் எஸ்.இ.சி. கூட்டமைப்பு 12 அணிகளாகி, கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிந்தது. இரு பிரிவிலும் முதலில் வருபவர்கள் டிசம்பரில் சாம்பியன்ஷிப் ஆட்டம் ஆடவேண்டும் என்று விதி வந்தது. கிழக்கில் பலசாலிகள் டென்னசியும் ஃப்ளோரிடாவும். இரண்டு பேரும் மற்றவர்களை அனேகமாக ஜெயித்துவிடுவார்கள். ஆகவே செப்டம்பரில் இவர்களுக்குள் நடக்கும் ஒரு ஆட்டமே பிரிவின் முடிவை எழுதிவிடும். அப்போது பிளேஆஃப் என்பதும் கிடையாது. தேசிய சாம்பியன் யார் என்று பத்திரிகைக்காரர்களும் பயிற்சியாளர்களும் ஓட்டுப் போட்டுச் சொல்வார்கள். ஒரு தோல்வி என்றால் கிட்டத்தட்ட கதை முடிந்தது. சீசன் தொடங்கி மூன்றே வாரத்தில்!

பகைமை என்பது பழமையால் மட்டும் வருவதில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம். பங்காளிச் சண்டை மாதிரிதான். ஒரே கிணற்றில் இரண்டு பேர் தண்ணீர் இறைக்க வேண்டி வந்தால் இரண்டே வருடத்தில் ஜென்மப் பகை வந்துவிடும்.

முதல் ஆட்டம், 1995 செப்டம்பர் 16, ஃப்ளோரிடாவின் சொந்த ஊரான கெயின்ஸ்வில். டென்னசி 30-14 என்று முன்னிலையில் இருந்தது. அதற்குப் பிறகு ஃப்ளோரிடா தொடர்ந்து 48 புள்ளிகள் எடுத்தது. நடுவில் டென்னசிக்கு ஒன்றுமே இல்லை. ஃப்ளோரிடாவின் க்வார்ட்டர்பேக் டேனி வெர்ஃபல் கொட்டும் மழையில் ஆறு டச்டவுன் பாஸ் எறிந்தார். முடிவு 62-37. அந்த வருடம் டென்னசி வேறு யாரிடமும் தோற்கவில்லை. 11 வெற்றி, 1 தோல்வி.

இரண்டாவது, 1996 செப்டம்பர் 21, நாக்ஸ்வில். தரவரிசையில் டென்னசி 2, ஃப்ளோரிடா 4. நேலண்ட் ஸ்டேடியத்தில் 1,07,608 பேர். ஆட்டம் சூடு பிடிப்பதற்கு முன்பே வெர்ஃபல் நான்காவது முயற்சியில் துணிந்து 35 கெஜம் எறிந்து டச்டவுன் எடுத்தார். அதிலிருந்து சரிவுதான். ஒரு கட்டத்தில் 35-0. பிறகு மானிங் எறிந்தார், எறிந்தார், எறிந்துகொண்டே இருந்தார். 65 பாஸ், அதில் 37 கைக்குப் போய்ச் சேர்ந்தன, 492 கெஜம், நான்கு டச்டவுன். எதிராளி கையில் விழுந்தவையும் நான்கு. முடிவு 35-29. அந்த வருடம் ஃப்ளோரிடா தேசிய சாம்பியன். ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் டிராஃபி வெர்ஃபலுக்கு.

ஃப்ளோரிடாவின் பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பரியருக்கு வாய் சும்மா இருக்காது. எஸ்.இ.சி.யில் முதலிடம் தவறியவர்கள் போய் ஆடும் இடம் சிட்ரஸ் பௌல் என்ற ஆட்டம். டென்னசி 1996, 1997 இரண்டு வருடமும் ஜனவரி 1 அன்று அங்கேதான் ஆடியது. டென்னசி பல்கலைக்கழகத்தைச் சுருக்கமாக யூ.டி. என்பார்கள். யூ, டி இரண்டு எழுத்தும் இல்லாமல் சிட்ரஸ் என்ற வார்த்தையை ஆங்கிலத்தில் எழுத முடியாது என்று கிண்டலடித்தார் மனிதர். தோற்றதை விட இந்த ஜோக் நாக்ஸ்வில்காரர்களுக்கு அதிகம் வலித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மூன்று வருடத்தில் பட்டப்படிப்பை முடித்துவிட்ட மானிங், 1997-ல் தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கலாம். கோடிகள் காத்திருந்தன. அந்த மார்ச்சில், இன்னொரு வருடம் கல்லூரியிலேயே இருக்கப் போகிறேன் என்று அறிவித்தார். ஊர் கொண்டாடியது. மிச்சம் வைத்த கணக்கை முடிக்கத்தான் இருக்கிறார் என்று எல்லோரும் நினைத்ததில் தப்பில்லை.

மூன்றாவது ஆட்டம், 1997 செப்டம்பர் 20, மறுபடி கெயின்ஸ்வில். மானிங் எறிந்த ஒரு பந்தைப் பிடித்த டோனி ஜார்ஜ் 89 கெஜம் ஓடி டச்டவுன் ஆக்கினார். முடிவு ஃப்ளோரிடா 33, டென்னசி 20.

இங்கே ஒரு விசித்திரம். அந்த வருடம் ஃப்ளோரிடா பிறகு கூட்டமைப்புக்குள் இரண்டு ஆட்டம் தோற்றது. அதனால் கிழக்குப் பிரிவில் டென்னசியே முதலிடம் வந்தது. சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் ஆபர்னை 30-29 என்று வென்று கோப்பையும் எடுத்தது. அதாவது மூன்றாவது தோல்வியால் கோப்பைக்கு எந்த நஷ்டமும் இல்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். பழைய எதிரி அலபாமாவை 1985-க்குப் பிறகு டென்னசி ஜெயித்ததே இல்லை என்ற நிலையை மாற்றியவர் மானிங். 1995-ல் முதல் முயற்சியிலேயே 80 கெஜம் டச்டவுன் எறிந்து 41-14. அடுத்த இரண்டு வருடமும் வெற்றி. 1997 வெற்றிக்குப் பிறகு கல்லூரி பேண்டு வாத்தியக் குழுவின் ஏணி மேல் ஏறி நின்று அவரே இசையை நடத்தினார். இவ்வளவும் வரவுப் பக்கம் இருக்கிறது. ஆனாலும் சலூன்காரத் தாத்தா கத்தரிக்கோலை ஆட்டுகிறார்.

பி.காமில் முதலில் சொல்லிக்கொடுப்பது இதுதான். லாப நட்டக் கணக்கு வருட முடிவோடு மூடிவிடும். பேலன்ஸ் ஷீட்டில் இருப்பது அடுத்த வருடத்துக்கு வந்துகொண்டே இருக்கும். மெம்ஃபிஸிடம் தோற்றது முதல் வகை. அந்த வருடத்தோடு போயிற்று. ஃப்ளோரிடாவிடம் தோற்றது இரண்டாம் வகை. 1995-ல் எழுதியது 1996-க்கு வந்து, இரண்டும் சேர்ந்து 1997-க்கு வந்தது. மூன்றாவது வருடம் மானிங் தோற்றது ஒரு ஆட்டம் அல்ல, மூன்றும் சேர்ந்த பாக்கி. கோப்பை கிடைத்தும் அது தீராததற்குக் காரணம் இதுதான். அந்தப் புத்தகத்தை எழுதுவது கூட்டமைப்பு அல்ல, ஊர்.

அந்த வருடம் ஹைஸ்மன் டிராஃபியும் கை நழுவியது. மானிங்குக்கு இரண்டாமிடம். வென்றவர் மிச்சிகனின் சார்லஸ் உட்சன். முதன்மையாகத் தற்காப்பில் ஆடும் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. உட்சன் எங்கே அதைச் சம்பாதித்தார் தெரியுமா? 1997 நவம்பரில் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக. அது மிச்சிகனின் நூறாண்டுப் பகையாளி. எதிராளி உதைத்த பந்தைப் பிடித்து 78 கெஜம் ஓடி டச்டவுன், தங்கள் எல்லைக்குள் வந்த பாஸைத் தட்டிப் பறித்தது, 37 கெஜத்துக்கு ஒரு பாஸைப் பிடித்தது எல்லாம் ஒரே ஆட்டத்தில். ஒருவர் தன் பகையாளியிடம் தோற்ற வருடம் இன்னொருவர் தன் பகையாளியை ஜெயித்தார். மானிங் அன்று ஃப்ளோரிடாவை ஜெயித்திருந்தால் டிராஃபி அவருக்கே என்று சொல்பவர்கள் டென்னசியில் நிறைய.

மானிங் போனார். 1998-ல் அவர் இடத்துக்கு வந்தவர் டீ மார்ட்டின். அலபாமா மாநிலம் மொபைல் நகரத்துக்காரர். மானிங் இடத்தை நிரப்புவதென்றால் சும்மாவா? சீசனின் இரண்டாவது ஆட்டமே ஃப்ளோரிடா. செப்டம்பர் 19, நாக்ஸ்வில்.

மார்ட்டின் அன்று எறிந்தது 20 பாஸ். போய்ச் சேர்ந்தது 7. தூரம் 64 கெஜம். 492-ஐயும் 64-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே மைதானம், இரண்டே வருட இடைவெளி. ஆனால் டென்னசியின் தற்காப்பு அன்று பேயாட்டம் ஆடியது. அல் வில்சன் என்பவர் மட்டும் மூன்று முறை எதிராளி கையிலிருந்த பந்தை உதிர்த்தார். 17-17 என்று சமனாகி கூடுதல் நேரம். மார்ட்டின் ஓடி எடுத்துக் கொடுத்த கெஜங்களின் பலத்தில் ஜெஃப் ஹால் 41 கெஜத்திலிருந்து உதைத்து 3 புள்ளி எடுத்தார். பதிலுக்கு ஃப்ளோரிடா உதைத்தது 32 கெஜத்திலிருந்து. பந்து கம்பத்துக்கு வெளியே போனது. 20-17. கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி கோல் கம்பங்களைச் சாய்த்தது.

அந்த சீசன் டென்னசி 13 ஆட்டம் ஆடி பதிமூன்றும் வென்றது. 1999 ஜனவரி 4 அன்று ஃப்ளோரிடா ஸ்டேட்டை (இது வேறு பல்கலைக்கழகம்) 23-16 என்று வென்று தேசிய சாம்பியன். 1951-க்குப் பிறகு முதல் முறை. நான்கு வருடம் மானிங் தேடியது, அவர் போன மறு வருடமே கிடைத்தது.

இது நியாயமா என்று கேட்டால், என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. 1995-ல் மானிங் அணி 37 புள்ளி எடுத்தது. 62 விட்டுக்கொடுத்தது தற்காப்பு. அப்போது மானிங் கோட்டுக்கு வெளியே நின்று வேடிக்கைதான் பார்க்க முடியும். 1998-ல் ஜெயித்துக் கொடுத்ததும் தற்காப்புதான். ஆனால் பற்று மானிங் பெயரில், வரவு மார்ட்டின் பெயரில். கிளை மேலாளராக இருந்தவர்களுக்கு இது புதிதில்லை. முன்னால் இருந்தவர் கொடுத்த கடன் உங்கள் காலத்தில் வாராக்கடன் ஆகும். அவர் அலைந்து பிடித்த டெபாசிட் நீங்கள் வந்த மாதம் வந்து சேரும். ரெண்டுமே உங்கள் பெயரில்தான் எழுதப்படும். மானிங் 1996-ல் தானே எறிந்து தொலைத்த நான்கு பந்துகள் அவருடையவைதான், அதை மறுக்கவில்லை. மற்றதெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததற்கான கூலி.

சரி, இது டென்னசியின் மனநோய் மட்டும்தானா? உட்சன் பேச்சில் வந்த ஒஹாயோ ஸ்டேட் பக்கம் போவோம். ஒவ்வொரு வருடமும் நவம்பர் கடைசியில் மிச்சிகனோடு ஒரு ஆட்டம். அதில் ஜெயித்தால் ஒஹாயோ ஸ்டேட் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு குட்டி தங்க பேன்ட் கொடுப்பார்கள். நிஜமாகவே பேன்ட் உருவத்தில், சங்கிலியில் கோர்க்கிற அளவுக்கு. 1934-ல் பயிற்சியாளராக வந்த ஃபிரான்சிஸ் ஷ்மிட்டிடம், மிச்சிகனை எப்படி ஜெயிப்பீர்கள் என்று கேட்டதற்கு, அவர்களும் நம்மைப் போல ஒவ்வொரு காலாகத்தானே பேன்ட் மாட்டுகிறார்கள் என்ற பொருளில் பதில் சொன்னாராம். அந்த வருடமும் தொடர்ந்து மூன்று வருடமும் மிச்சிகனை ஒரு புள்ளிகூட எடுக்கவிடாமல் ஜெயித்தார்கள். பேன்ட் வழக்கம் அப்படி வந்தது. நகைக்கடன் கவுண்ட்டரில் அதை வைத்தால் எங்கள் அப்ரைசர் எடை போட்டுவிட்டு சிரிப்பார். கொலம்பஸ் நகரத்தில் அதன் மதிப்பே வேறு.

ட்ராய் ஸ்மித் என்ற க்வார்ட்டர்பேக்கிடம் அது மூன்று. 2004-ல் 37-21, 2005-ல் 25-21, 2006-ல் 42-39. கடைசி ஆட்டத்தில் தரவரிசையில் முதலிடமும் இரண்டாமிடமும் மோதின. அதற்கு முந்தைய நாள்தான் மிச்சிகனின் பழம்பெரும் பயிற்சியாளர் போ ஷெம்பெக்லர் காலமாகியிருந்தார். ஸ்மித் அன்று நான்கு டச்டவுன் எறிந்தார். ஹைஸ்மன் அவருக்கே கிடைத்தது. அப்புறம் 2007 ஜனவரியில் தேசிய இறுதி ஆட்டத்தில் ஃப்ளோரிடாவிடம் (ஆமாம், அதே ஃப்ளோரிடாதான்!) 41-14 என்று உதை. ஸ்மித் எறிந்த 14 பாஸில் 4 போய்ச் சேர்ந்தது, மொத்தம் 35 கெஜம். வேறு ஒருவராக இருந்தால் அந்த ராத்திரியே பெயர் போயிருக்கும். ஸ்மித்துக்குப் போகவில்லை. கையில் மூன்று தங்க பேன்ட் இருந்தது.

எதிர்ப்பக்கம் சி.ஜே. ஸ்ட்ரவுட். 2021, 2022 இரண்டு வருடமும் ஹைஸ்மன் இறுதிப் பட்டியலில் இருந்தவர். 85 டச்டவுன் பாஸ். மிச்சிகனிடம் 2021-ல் 42-27, 2022-ல் 45-23 என்று இரண்டு தோல்வி. 2020-ல் கொரோனாவால் ஆட்டமே நடக்கவில்லை. அடுத்த மாதமே, 2022 டிசம்பர் 31 அன்று, ஜார்ஜியாவுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் ஸ்ட்ரவுட் பிரமாதமாக ஆடி நான்கு டச்டவுன் எறிந்தார். கடைசி உதை தவறி 42-41 என்று தோல்வி. அடுத்த வருடம் தொழில்முறை ஆட்டத்தில் சிறந்த புதுமுகம் விருதும் வாங்கினார். தங்க பேன்ட் மட்டும் பூஜ்யம்.

இப்போது வில் ஹவர்ட். கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து 2024-ல் ஒரே ஒரு வருடத்துக்கு ஒஹாயோ ஸ்டேட் வந்தவர். அந்த வருடம் பிளேஆஃப் 12 அணிகளாக விரிந்தது. நவம்பர் 30 அன்று, சொந்த மண்ணில், அந்த வருடம் திணறிக்கொண்டிருந்த மிச்சிகனிடம் 13-10 என்று தோல்வி. ஹவர்ட் எறிந்த இரண்டு பந்துகள் எதிராளி கைக்குப் போயின. தொடர்ந்து நான்காவது தோல்வி. 1996-ஆக இருந்தால் அதோடு அந்த சீசன் சமாதி. ஆனால் 12 அணி பிளேஆஃபில் இடம் கிடைத்தது. முதல் ஆட்டத்தில் வந்து மாட்டியது நம்ம டென்னசி, 42-17. பிறகு ஆரிகன், டெக்ஸஸ். கடைசியில் 2025 ஜனவரி 20 அன்று நோட்ரடேமை 34-23 என்று வென்று தேசிய சாம்பியன். அந்த ஆட்டம் நழுவத் தொடங்கிய நேரத்தில் ஹவர்ட் எறிந்த 56 கெஜ பாஸ்தான் முடிவை உறுதி செய்தது.

ஆக, ஒரு செப்டம்பர் சனிக்கிழமையில் மானிங் இழந்ததை இன்றைய க்வார்ட்டர்பேக் டிசம்பரில் திருப்பி எடுக்க முடியும். இனி பகையாளி ஆட்டத்துக்கு மதிப்பு குறையும் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1997-ஐ நினைத்துப் பாருங்கள். அன்றும் தோல்வியால் கோப்பை போகவில்லை. ஆனாலும் பாக்கி நின்றது. ஹவர்டும் தேசிய சாம்பியன் மோதிரத்தோடு போனார், தங்க பேன்ட் இல்லாமல். 2025 நவம்பரில் ஒஹாயோ ஸ்டேட் 27-9 என்று மிச்சிகனை ஜெயித்தபோது கொலம்பஸ்காரர்கள் விட்ட பெருமூச்சு, பத்து மாதம் முன்னால் சாம்பியன் ஆன ஊர் விடுகிற பெருமூச்சு மாதிரியே இல்லை.

மானிங்குக்கு என்ன ஆயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும். தொழில்முறையில் ஐந்து முறை மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது, 2007-லும் 2016-லும் சூப்பர் பௌல். 2005-லேயே டென்னசி அவருடைய 16-ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் இல்லை என்று ஓய்வு கொடுத்துவிட்டது. மார்ட்டின் 2000-ல் ஐந்தாவது சுற்றில்தான் தேர்வானார். தொழில்முறையில் பெரிதாக எதுவும் அமையவில்லை. பிறகு பயிற்சியாளர் ஆகி, 2019-ல் டென்னசிக்கே திரும்பி வந்து இரண்டு வருடம் இருந்தார்.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு மருமகப்பிள்ளைக்கு போன் போட்டேன். "ஊரு கடைசியில மானிங்கை மன்னிச்சுதா இல்லையாடா?" என்று கேட்டேன்.

"மன்னிக்கறதுக்கு என்ன மாமா இருக்கு? ஸ்டேடியம் பக்கத்துல பெய்டன் மானிங் பாஸ்னு ஒரு ரோடு இருக்கு. டீ மார்ட்டின் டிரைவ்னு இன்னொரு ரோடு இருக்கு. நான் டெய்லி ரெண்டுலயும்தான் நடந்து கிளாஸுக்குப் போனேன்" என்றான்.

அதுவரை நான் இரண்டில் எந்தப் புத்தகம் சரி என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஊர் இரண்டையும் வைத்திருக்கிறது. 11,201 கெஜம் எறிந்தவருக்கு ஒரு தெரு, ஒரு சனிக்கிழமை 64 கெஜம் எறிந்து ஜெயித்தவருக்கு ஒரு தெரு. ஒன்றை வைத்து மற்றதை அடிக்கவில்லை.

நாளைக் காலை வி.சி.ஏ. மைதானத்தைத் தாண்டும்போது சேத்தன் சர்மாவுக்காக ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தலாம் என்று இருக்கிறேன். டிராஃபிக் போலீஸ் விட்டால் :-)